சுறா எண்ணெயில் ஓடி வந்த மாப்பிள்ளை

வள்ளத்தின் பின்பலகையில் நான் குந்தியிருக்கிறேன். உடம்பில் இரவல் கோட்டு. காலில் கடிக்கிற சப்பாத்து. முன்பக்க அணியத்தில் என் தாயின் தம்பி சந்தியா மாமா, மடியில் தாலிப்பெட்டியோடும் கூறைச்சேலைப் பெட்டியோடும். நடுவில் என் கூட்டாளி காதர். சுற்றிவரக் கடல். ஒரு பொட்டுக் காற்றுக்கூட இல்லை. மோட்டர் செத்துப்போய்க் கிடக்கிறது.

பொரித்த சுறாவின் மணம் மட்டும் எங்களை விட்டுப் போகாமல் பந்தல் போட்டு நிற்கிறது.

தூரத்தில் பேசாலைப் பனைகள் தெரிகின்றன. அந்தப் பனைகளுக்குப் பின்னால் கோயில். அந்தக் கோயிலில் அன்று ஒரு கலியாணம். அந்தக் கலியாணத்துக்கு மாப்பிள்ளை நான்.

"மச்சான், இப்ப என்ன செய்வம்?" என்று காதர் கேட்டான்.

"நீ தண்ணியைக் குடி," என்றேன்.

"இனிமேல் குடிச்சால் வெடிச்சிடுவன் மச்சான்."

"எனக்காகக் குடி. கலியாணம் எனக்கு."

பாவம், குடித்தான். ஏன் அவன் குடிக்கவேண்டும், ஏன் நான் குடிக்கக்கூடாது என்பதெல்லாம் பின்னால் வரும். போன கிழமை புகையிரதத்தில் நான் சீட்டில்லாமல் போன கதையை வாசித்த அன்பர் ஒருவர், "ஐயா ஊர்க் கதை எல்லாம் எழுதுறீர்கள், உங்கள் கலியாணக் கதையை மட்டும் ஒளிக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். ஒளிக்கிறதுக்கு அதில் என்ன இருக்கு? ஊரே மணந்து பார்த்த கதை அது.

கொண்டச்சியில் உதை வாங்கின மோட்டர்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொண்டச்சிக் கடலில் முத்துச்சிப்பி விளைஞ்சிருக்கோ இல்லையோ என்று பார்க்க ஒரு துரை வந்தார். அவருடைய சின்ன வள்ளத்தின் பின்பக்கத்தில் ஒரு மோட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. தலை மேலே, வால் தண்ணிக்குள்ளே. கயிறைச் சுற்றி இழுத்தால் கத்தும்.

காதரின் வாப்பா அந்தப் பக்கத்தில் கருவாடு வாங்கி விக்கிறவர். துரைக்குக் கோழியும் முட்டையும் கொடுத்தவரும் அவர்தான். துரை ஒவ்வொரு காலையும் கயிறை இழுப்பார், மோட்டர் கத்தாது, துரை கத்துவார். புறப்பட்டுப் போகிற நாளில் அதற்குச் சப்பாத்துக் காலால் ஒரு உதை விட்டு, "இந்தச் சனியன் உங்களுக்கே" என்று காதரின் வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாப்பா அதை விடத்தல்தீவுக்குக் கொண்டுவந்து, கடைக்குப் பின்னால் போட்டார். கோழி அதில் ஏறி முட்டை இட்டது. நானும் காதரும் அந்தக் கோழியைக் கலைத்த நாளிலிருந்துதான் என் வாழ்க்கை தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மோட்டர் விசர் பிடித்தது. சும்மா விசர் இல்லை, கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி, சோறு தின்ன மறக்கிற விசர்.

அந்த மோட்டருக்கு எண்ணெய் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலோடேயே எண்ணெயையும் கலந்து ஊற்றவேண்டும். பெற்றோல் எரியும், எண்ணெய் உள்ளுக்கெல்லாம் பூசிக்கொள்ளும். ஒரு கலன் பெற்றோலுக்கு அரைப் பைந்து எண்ணெய், எட்டுப் பைந்து ஒரு கலன். துரை அளக்கிற தகரக் குவளையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். எண்ணெய் குறைந்தால் உள்ளுக்கு இரும்பும் இரும்பும் கடிபட்டு இறுகிப்போகும். கூடினால் புகையும் கரியும்.

அடுத்தது காபரேற்றர். பெற்றோலும் காற்றும் கலியாணம் முடிக்கிற இடம் என்று காதர் சொல்லுவான். அதில் ஒரு ஊசி. ஊசியைத் திறந்தால் பெற்றோல் கூடும். மோட்டர் கொரகொரவென்று புகைத்துக்கொண்டு சோம்பல்படும். மூடினால் பெற்றோல் குறையும். அப்போது வாய்வழியாக ஒரு தும்மல் தும்மும். "ஹச்" என்று மனிசன் தும்மின மாதிரியே இருக்கும். தும்மும் மட்டும் மூடு, பிறகு மயிரளவு திற. இதுதான் வித்தை. இதை நாங்கள் கண்டுபிடிக்கிறதுக்குள் என் கைவிரல் தோலெல்லாம் கயிறோடு போய்விட்டது.

ஓடத் தொடங்கின அன்று நானும் காதரும் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போய், திரும்பி வந்து, மணலில் விழுந்து உருண்டு சிரித்தோம். எங்களுக்கு அப்போது ராசா, ராணி, கவுணர் ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாமனார் போட்ட நிபந்தனை

பேசாலையில் சுறா எண்ணெய் காய்ச்சுகிறவர் சுவாம்பிள்ளை. அவருடைய மகள் திரேசா. மடுத் திருவிழாவில் மெழுகுதிரியோடு போன அவவை ஒருதரம் கண்டேன். மெழுகு கையில் ஒழுகிக்கொண்டிருந்தது, அவ கையை உதறவே இல்லை. அன்றைக்கே சந்தியா மாமாவிடம் போய், "கேட்டால் இந்தப் பெட்டையைக் கேளுங்கோ, இல்லாட்டி நான் மோட்டரோடையே இருக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

மாமா போய்க் கேட்டார். சரிவந்தது. இரண்டு ஊர்க் கோயில்களிலும் கலியாண ஓலை வாசித்தாயிற்று. நாளும் வைத்தாயிற்று, விபூதிப் புதனுக்கு முதல்நாள் செவ்வாய். தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்பு ஞாயிறு கழியும் மட்டும் கலியாணம் கிடையாது. மழைக்கும் மீனுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்து வைத்த நாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "மாப்பிள்ளை மோட்டரிலதான் வந்து இறங்குவார் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.

சுவாம்பிள்ளை காற்றையும் பாயையும் நம்பிப் பிழைத்த மனிசன். அவர் மாமாவிடம் சொல்லிவிட்ட பதில் இதுதான்: "கண்டறியாத மோட்டர். அது நடுக்கடலில நிண்டு, பூசை நேரம் தப்பினால், நான் உயிர்ப்பு மட்டும் பிள்ளையை வைச்சுக்கொண்டு இருக்கமாட்டன். தாழ்வுபாட்டில இருந்தும் கேட்டு வந்திருக்கினம். அவையள் பாயில வருவினம்."

மாமா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க என் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பூசை என்றால் காலையில்தான். பன்னிரண்டு மணிக்குத் திரிகாலச் செப மணி அடித்தால், அதற்குப் பிறகு கோயில் குருவான சுவாமி பூசை தொடங்கமாட்டார். பூசையில் நன்மை, அதாவது தேவ அப்பம், வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் இருக்கவேண்டும். சுவாமிக்கும் அதே சட்டம். ஆக, சுவாமிக்கும் பசி, மாப்பிள்ளைக்கும் பசி, பொம்பிளைக்கும் பசி.

என்னுடைய மூளை வேலை செய்த விதம்

பெண்டுகளும் பலகாரமும் முதல்நாளே வண்டிலில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து புகையிரதத்தில் பேசாலைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை முதல்நாள் பொம்பிளையின் ஊரில் படுக்கக்கூடாது. அதனால் நான் விடத்தல்தீவில். என்னோடு தாலியும் கூறையும், அவற்றுக்குக் காவலாகச் சந்தியா மாமா, மோட்டருக்குக் காவலாகக் காதர்.

பின்னேரம் பெற்றோல் கலக்கப் போனால், எண்ணெய்த் தகரம் இலேசாக இருந்தது. அடி கறள்பிடித்து ஓட்டை. அவ்வளவு எண்ணெயையும் மணல் குடித்துவிட்டது. மன்னார்ப் பட்டினத்துக்குப் போய் வாங்கி வர இனி நேரம் இல்லை.

"பாயைக் கட்டுவம் மச்சான்," என்றான் காதர்.

"விசர்க் கதை கதையாதை."

அப்போதுதான் என் கண்ணில் அந்தப் போத்தல் பட்டது. சுவாம்பிள்ளை நிச்சயத்தன்று எனக்குத் தந்துவிட்ட சுறா எண்ணெய். முதல் வடிப்பு, தேன் நிறம். "மாப்பிள்ளையின்ரை வள்ளத்துக்குப் பூசட்டும்" என்று தந்தது.

எங்கள் கரையில் சுறா எண்ணெய் இல்லாத காரியம் இல்லை. வள்ளத்துப் பலகைக்கு அதுதான். மாட்டுப் புண்ணுக்கு அதுதான். பிள்ளைக்கு நெஞ்சுச் சளியென்றால் மூக்கைப் பொத்திப் பருக்குவதும் அதுதான். பேசாலையில் விளக்குக்கும் மண்ணெண்ணெயோடு அதைத்தான் கலப்பார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது அந்தந்த வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம். கூடினால் சிமினி கரிபிடிக்கும்.

நான் யோசித்தேன். வள்ளத்துக்கு நல்லதென்றால், வள்ளத்தில் தொங்குகிற மோட்டருக்குக் கெடுதலா செய்யும்?

இப்படி யோசிக்க மன்னார்க் கரையில் பிறந்தவனால் மட்டும்தான் முடியும். காதர் போத்தலை மணந்து பார்த்தான், என்னையும் பார்த்தான். "துரைமார் இதைக் குடிச்சால் உடம்பு தேறுது. மோட்டரும் துரையின்ரைதானே," என்றான். அவனுக்கும் சரியாகப் பட்டது. கலன் பெற்றோலுக்கு அரைப் பைந்து, குவளையால் அளந்து, குலுக்கி, ஊற்றினோம். நன்றாகவே கலந்தது. பாய்மரத்தை வேறு கழற்றிக் கரையில் போட்டேன். மரம் நின்றால் மோட்டரின் எடுப்புத் தெரியாதாம். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள், அவள் எனக்குச் சொந்தக்காரி.

விடியல் வெள்ளாப்பில் கயிறை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. ஓ, அந்தச் சத்தம். வள்ளம் பாய்ந்தது. பின்னால் நீலப் புகை, புகையோடு பொரியல் மணம். கொஞ்சத் தூரம் போனதும் கடற்காகங்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்று தொடங்கி, ஒரு கலியாண ஊர்வலம் அளவுக்கு மேலே கத்திக்கொண்டு வந்தன. மீன் இல்லாமல் மீன் மணக்கிற வள்ளத்தை அவை அதற்கு முதல் கண்டிருக்காது.

"பாத்தீங்களா மாமா, மேளமும் வருது," என்றேன்.

மாமா மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, "எச்சத்தைக் கூறையில போடாட்டிச் சரி," என்றார்.

பாதிக் கடலில் மோட்டர் கொரகொரத்தது. புகை கறுத்தது. ஒரு இழுப்பு இழுத்து, நின்றது.

மூக்கில்லாத தும்மல்

பிளக்கைக் கழற்றினேன். பொரித்த சட்டியின் அடி மாதிரிக் கரி அப்பியிருந்தது. காபரேற்றரைத் திறந்தால், சுறா எண்ணெய் சூட்டில் இறுகி, ஊசியைச் சுற்றிப் பிசினாக நின்றது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதை வலித்துப் போனால் பேசாலையில் எங்களை உயிர்ப்புத் திருவிழாவுக்குத்தான் வரவேற்பார்கள்.

மாமாவின் கத்தியால் பிளக்கைச் சுரண்டினேன். கோட்டில் பூக் குத்தியிருந்த குண்டூசியால் பிசினைக் கிண்டி, பெற்றோலால் கழுவினேன். கோட்டின் கை துடைக்கிற துணியாயிற்று. வியர்வையைத் துடைத்த கையால் கரி முகமெல்லாம் ஏறியது. பூட்டி, ஊசியை ஒரு குத்துமதிப்பில் வைத்து, கயிறை இழுத்தேன்.

"ஹச்."

ஒரு தும்மல். எனக்குச் சந்தோசம். தும்மினால் உயிர் இருக்கிறது, இனி மயிரளவு திறந்தால் போதும். மறுபடி கயிறு சுற்றப்போனேன்.

"கையை எடு," என்றார் மாமா.

சந்தியா மாமாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. செபமாலை ஒருநாளும் தப்பாத மனிசன், ஆனால் தும்மலுக்கு மட்டும் தனிச் சட்டம் வைத்திருந்தார். புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் போகக்கூடாது. இருந்து, ஆறி, ஒரு வாய் தண்ணி குடித்துத்தான் மறுபடி புறப்படவேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் காரியம் சித்தி. தான் பெண் பார்க்கப் போன அன்று வாசல் படலையடியில் தானே தும்மிவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தப் பெண்ணை வேறு ஒருத்தன் முடித்துக்கொண்டு போனான், மாமா நரைத்த பிறகுதான் மாமியைக் கண்டார். அப்போதும் தும்மலைக் குறை சொல்லவில்லை.

"மாமா, அது தும்மல் இல்லை. காபரேற்றருக்குப் பெற்றோல் காணாது."

"மூக்கு இருக்கோ இல்லையோ, தும்மல் தும்மல்தான். இரு. தண்ணி குடி."

"நான் குடிக்கேலாது மாமா. நன்மை வாங்க வேணும்."

மாமா யோசித்தார். அவரும் நன்மை வாங்குகிறவர். கடைசியில் இருவரும் காதரைப் பார்த்தோம்.

"நானோ?" என்றான் காதர்.

"உனக்குத்தான் இண்டைக்கு நோன்பு இல்லையே," என்றார் மாமா.

அப்படித்தான் காதர் எங்கள் சார்பில் தண்ணி குடிக்கத் தொடங்கினான். குடித்தான், ஆறினோம், இழுத்தேன். "ஹச்." ஒற்றை. இருந்தோம், குடித்தான். ஊசியைக் கொஞ்சம் திருப்பி இழுத்தேன். "ஹச்." ஒற்றை. சூரியன் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குக் கண்ணில் தண்ணி முட்டிவிட்டது. கோபத்தில் மாமாவிடம் சத்தம் போட்டேன்.

"அங்க அந்த மனிசன் தாழ்வுபாட்டாருக்குச் சொல்லி அனுப்பப் போறார், நீங்கள் இங்க தும்மல் எண்ணுறீங்கள்."

மாமா தாலிப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஒற்றைத் தும்மலில புறப்பட்டால் இந்தத் தாலியை நான் தரமாட்டன். கட்டுற உனக்கு ஒண்டுமில்லை. கட்டப்படுற பிள்ளைக்கு ஏதும் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

மனிசன் விளையாடவில்லை. உண்மையாகவே அவவுக்காகப் பயந்துதான் சொன்னார். அந்த நேரத்தில்தான் காதர் "இனிமேல் குடிச்சால் வெடிச்சிடுவன்" என்றது.

சித்தி

சரி, மாமாவுக்கு இரண்டு தும்மல் வேண்டும். கொடுப்போம் என்று நினைத்தேன்.

ஒரு தும்மலோடு மோட்டர் ஏன் சாகிறது? பெற்றோல் அவ்வளவு காணாது. இரண்டாவது தும்மல் தும்ம வேண்டுமென்றால், முதல் தும்மலுக்குப் பிறகும் அது கொஞ்சம் உயிரோடு இருக்கவேண்டும். பிசின் கழுவின பிறகும் பெற்றோல் வருகிற துவாரம் முழுதாகத் திறந்திருக்காது. அப்படியென்றால் பழைய கணக்கு உதவாது, ஊசியை நான் திறக்கிறதைவிட இன்னும் திறக்கவேண்டும். அதுவரை ஓட்டுகிற அவசரத்தில் திருப்பினேன். இப்போது தும்ம வைக்கிறதுக்காக, காதை மோட்டரோடு வைத்து, நகத்தளவு நகத்தளவாகத் திருப்பினேன்.

இழுத்தேன்.

"ஹச்."

மாமா வாயைத் திறந்தார்.

"ஹச்."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. மோட்டர் ஒருதரம் செருமி, பிடித்துக்கொண்டு, பாடத் தொடங்கியது. மயிரளவு திறந்தேன், சத்தம் சீரானது. அந்தக் கடலில் அதைவிட நல்ல பாட்டு நான் கேட்டதில்லை.

"நான் சொன்னனானல்லோ," என்றார் மாமா. அந்த வசனத்தை அவர் சாகும்வரைக்கும் சொன்னார். உண்மையைச் சொன்னால், அவர் தும்மலுக்குச் சண்டை பிடித்திருக்காவிட்டால், நான் அவசரத்தில் ஊசியை முறித்திருப்பேன்.

கடற்காகங்கள் மறுபடி மேலே கூடின. காதர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கெதியா விடு மச்சான், உன்ரை கலியாணத்துக்கு இல்லை, எனக்கு," என்றான்.

கரையில் ஆளில்லை

கரை கிட்ட வர, சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. மணிச்சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். மோட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடித்து முடிந்ததோ என்னவோ. தலைக்குள் தாழ்வுபாட்டுப் பாய்கள்தான் விரிந்தன.

கரையில் வெடி கொளுத்த நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒரு குஞ்சுகுருமானும் இல்லை. வலைகள் காய்கின்றன, ஆளைக் காணவில்லை.

"எல்லாரும் போயிற்றினம்," என்றேன்.

வள்ளம் மணலில் ஏறினதும் காதர் பனங்கூடலுக்குள் பறந்தான். நானும் மாமாவும் கோயில்பக்கம் ஓடினோம். அப்போதுதான் சத்தம் கேட்டது. கோயிலடியில் இல்லை, சுவாம்பிள்ளையின் எண்ணெய்க் கொட்டிலடியில். ஊர் முழுக்க அங்கே நிற்கிறது. பட்டுச் சேலை கட்டின பெண்டுகள் குடத்தோடு ஓடுகிறார்கள். என் அம்மா கையில் ஒரு வாளி. கோயில் மணி அடிக்கிற மூப்பர் கொட்டில் கூரையில் ஏறி நின்று தண்ணி ஊற்றுகிறார். வெள்ளை அங்கியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவாமி கிணற்றடியில் நின்று தண்ணி அள்ளுகிறார்.

நடுவில் சுவாம்பிள்ளை. "எங்கையோ எரியுது, எனக்கு மணக்குது, என்ரை முதல் வடிப்பு எரியுது," என்று கத்திக்கொண்டு ஒவ்வொரு எண்ணெய் மிடாவாகத் திறந்து பார்க்கிறார்.

கடலில் இருந்து வந்த மணம் எங்களுக்கு முன்னம் கரைக்கு வந்துவிட்டது. தன் எண்ணெயைத் தன் பிள்ளைபோல மணத்திலேயே அறிகிற மனிசன், கொட்டிலில் தீ என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

நான் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்தார். கரிமுகம், எண்ணெய்க் கோட்டு. கிட்ட வந்து என் தோளை மணந்தார்.

"தம்பி," என்றார் மெல்லமாக. "என்ன ஊத்தினனீர்?"

"நீங்கள் தந்த எண்ணெய்தான் மாமா. பெற்றோலுக்குக் கலந்தனான்."

"விடத்தல்தீவில இருந்தோ?"

"ஓம்."

"என்ரை எண்ணெயிலயோ ஓடி வந்தது?"

"ஓம். இடையில கொஞ்சம் நிண்டது."

அந்த முகத்தில் கோபம் வரப் பார்த்தது, வழியில் எங்கோ தவறிவிட்டது. அவர் திரும்பி ஊரைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "என்ரை எண்ணெயில மோட்டர் ஓடுது," என்றார்.

சுவாமி வாளியைக் கீழே வைத்தார். சூரியனை அண்ணாந்து பார்த்தார். பிறகு கூரையில் நிற்கிற மூப்பரைப் பார்த்தார். "மூப்பர், திரிகாலச் செப மணி அடிச்சாச்சோ?"

மூப்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இல்லை சுவாமி, நான் இங்கையல்லோ நிக்கிறன்," என்றார், பயந்துபோய்.

சுவாம்பிள்ளை முந்திக்கொண்டார். "மணி அடிக்கேல்லை எண்டால் பன்னிரண்டு ஆகேல்லை சுவாமி. எங்கட ஊரில மணிதான் நேரம்."

பசித்த மனிசன், நனைந்த அங்கி, எதுவும் சொல்லலாம். சுவாமி என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்து, மூக்கைச் சுருக்கினார்.

"மூப்பர் அங்கேயே நில்லும்," என்றார். "நான் பீடத்துக்குப் போகுமட்டும் இறங்கக்கூடாது."

அவ கேட்ட கேள்வி

முகம் கழுவ நேரம் தரவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போய் பீடத்தடியில் நிறுத்தினார்கள். பக்கத்தில் திரேசா. முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. மடுவில் கண்ட நாளிலிருந்து அவவோடு ஒரு சொல் கதைத்ததில்லை. முதல்முதல் கிட்ட நிற்கும்போது நான் ஒரு பொரியல்சட்டி.

சுவாமி என்னைக் கேட்டார். நான் கேள்வி முடியுமுன் சம்மதம் என்றேன். பிறகு அவவைக் கேட்டார்.

முக்காடு மெல்லத் திரும்பியது. என்னைப் பார்க்கிறா. நெற்றி, கன்னம், மூக்கு என்று ஆறுதலாகப் பார்க்கிறா. இந்தக் கோலத்தைக் கண்டு வேண்டாம் என்று சொன்னால், தகப்பனும் மணியும் மாமாவின் இரட்டைத் தும்மலும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"சம்மதம், சுவாமி," என்றா.

மாமா தாலிப்பெட்டியைத் திறந்து நீட்டினார். தாலியை எடுத்துக் குனிந்தேன். அவ்வளவு கிட்டத்தில் அவவின் முகம். உதடு அசைந்ததோ இல்லையோ, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், என் வாழ்க்கையில் அவ என்னோடு கதைத்த முதல் வார்த்தை வந்தது.

"எத்தினைக்கு எத்தினை கலந்தனீங்கள்?"

அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது? கடலில் மோட்டர் பிடித்தபோதுகூட அப்படி வரவில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, முடிச்சு மட்டும் வரமாட்டேன் என்றது.

"கலனுக்கு அரைப் பைந்து," என்றேன் காதோரமாக.

அவ என் முகத்துக் கரியை இன்னொருதரம் பார்த்தா. விளக்குச் சிமினியைத் துடைக்க எடுத்தவள் பார்க்கிற பார்வை.

"கூடிப்போச்சு," என்றா.

வெளியே மூப்பர் கூரையிலிருந்து இறங்கி ஓடிப்போய்ப் பன்னிரண்டு மணி அடித்தார். உண்மையில் நேரம் ஒரு மணிக்குக் கிட்ட இருக்கும்.

விடத்தல்தீவுக்குத் திரும்பிப் போன பயணத்துக்குச் சுறா எண்ணெய் அளந்து ஊற்றியது அவதான். கால் பைந்து. புகை இல்லை, கரி இல்லை, கரைக்குப் போகுமட்டும் மோட்டர் ஒருதரமாவது தும்மவில்லை. அணியத்தில் இருந்த சந்தியா மாமாவுக்குத்தான் அது பெரிய மனவருத்தம்.